என் விலாவில் ஒரு தழும்பு

இரவல் குடுத்த சட்டை திரும்பி வந்தா முதல்ல எதையோ பாக்கணும்னு எங்க மாமா சொல்வாரு. காலரையா, பாக்கெட்டையா... மறந்துபோச்சு. தையக்காரரு, அவருக்குச் சட்டைதான் உலகம். நான் உடம்பையே இரவல் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கேன்.

எழுந்திரிக்காதீங்க. என் முட்டி அது, எனக்குத் தெரியும், சட்டுனு எழுந்தா பிடிச்சுக்கும். என் மூஞ்சியையே பாத்து நீங்கன்னு சொல்ல எனக்கே சிரிப்பா வருது. ஆனா கம்பெனி குடுத்த இந்த இரும்பு உடம்புல சிரிக்க வசதி இல்ல பாருங்க. மனுஷ உடம்பு தாங்காத சுரங்கம், இதைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும். நம்ம உடம்பைச் சும்மா போட்டு வெச்சா கெட்டுப்போயிடும், உள்ள ஒரு காவல் ஆள் குடியிருந்து நடக்கணும், சாப்பிடணும், தூங்கணும். அதானே உங்க வேலை?

நல்லாத்தான் பாத்திருக்கீங்க. தொப்பையைக் காணோம். சொத்தைப் பல்லைக்கூட அடைச்சிருக்கீங்க. இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

சரி, சட்டையைத் தூக்குங்க.

தூக்குங்கன்னா.

இந்தத் தழும்பு நான் போகும்போது இல்ல. கீழ விழுந்ததா? யாருக்குக் காது குத்துறீங்க? கிட்னி ஒண்ணு காணோம்னு காலைல ஸ்கேன் பாத்த டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வீட்டைப் பாத்துக்கச் சொல்லிச் சாவியைக் குடுத்தா, சுவரையா பேத்துக் குடுப்பாங்க?

கதவைப் பாக்காதீங்க. யாரும் வர மாட்டாங்க. உடம்புல குறைன்னு அதிகாரிகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உங்களுக்கு இனிமே வேற உடம்பு கிடையாது. சொந்த உடம்பும் தீ விபத்துல போயிடுச்சாமே. அப்புறம் ஆயுசுக்கும் ஆபீஸ் அலமாரியில ஒரு டப்பாக்குள்ளதான். தெரிஞ்சேவா பண்ணீங்க?

அழாதீங்க. என் கண்ணு அது.

வாசல்ல எங்க அக்காவைப் பாத்தேன். நான் சுரங்கத்துக்குக் கெளம்பின அன்னிக்கு, இனிமே என் மூஞ்சில முழிக்காதன்னு கதவைச் சாத்தினவ. இன்னிக்கு இந்த இரும்புக் கையைப் பிடிச்சுக்கிட்டு, டேய், கேக்கக்கூட எனக்கு வாய் வரல, நீயா கிட்னியைக் குடுக்கச் சொல்லி அனுப்பினியேடான்னு அழறா. இந்தக் கைக்குச் சூடு தெரியாது. அவ பிடிச்சிருக்கான்னு கண்ணாலதான் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். நான் எங்கய்யா சொல்லி அனுப்பினேன்?

நான் சம்மதிச்சேன்னு அவகிட்ட யாரு சொன்னது?

ம். அப்படித்தான் நெனச்சேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அதுவும் சரிதான், சுரங்கத்துக்குச் சேதி வந்து நான் பதில் போடுறதுக்குள்ள அவ இருந்திருக்க மாட்டா. இருந்தாலும் என் உடம்புய்யா அது. என்னோடது.

போதும், சட்டையை இறக்குங்க. இன்னும் எதுக்குக் கதவையே பாக்குறீங்க? அதிகாரி நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாரு. கேட்டாரு. நான்தான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லிட்டேன்.