பாடாமல் நின்ற நாலு செக்கன்

— அக்கா செத்த அண்டைக்கு எடுத்த என்ட பாட்டு ஒரிஜினலைப் போடுங்க மச்சான்.

— என்ன தனு, வந்ததும் வராததுமா... இரி முதல்.

— இரிக்க வரல்ல. இத மட்டும் பிரதீஸ் மச்சானிட்டக் கேக்கப்படாதெண்டு அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவ. கேட்டுட்டன். போடுங்க.

— நீ மைக் பாக்க வாறாய் எண்டுதானே மாமி சொன்னவ. கடையப் பாதி பூட்டிப்போட்டு, மூணு மைக்க எடுத்து மேசையில அடுக்கி வச்சிரிக்கன். பாரன். பொம்புள பாக்குற வீடு மாதிரி இரிக்கு.

— பொம்புள பாத்து முடிஞ்சுதானே. அக்காட இடத்தில எனக்கும் உங்களுக்கும் வாற வியாழன் கலியாண எழுத்து.

— அதான். எழுத்துக்கு முதல் நான் தாற பரிசு. வீட்டில இரிந்து பாடுறவளுக்கு மோதிரத்த விட மைக்தான் பெறுமதி. இந்தா, பிடிச்சுப் பார்.

— இது என்ன?

— மேடையில பாடுறது. வாய்க்குக் கிட்ட வச்சாத்தான் கேக்கும். பின்னால சட்டி விழுந்தாலும், நாய் குலைச்சாலும், ஆரும் கூப்பிட்டாலும் எடுக்காது.

— ஆரும் கூப்பிட்டாலும்?

— சும்மா ஒரு கதைக்குச் சொன்னன்.

— எனக்கு இது வேணாம். அப்ப ஒண்டு வச்சிரிந்தீங்களே, வெள்ளிக் கலர்ல, குண்டா. அறை முழுக்கக் கேக்கிற மைக்.

— கொண்டென்சர் மைக்கா? வேணாம் தனு. கூரையில காகம் நடந்தாலும் எடுக்கும். உங்கட வீடு ஆத்தோட ஒட்டின வீடு. தண்ணி அலம்புறது, தோணி எஞ்சின்... எல்லாம் வரும்.

— வரட்டும்.

— வந்தா நான்தானே குந்தி இரிந்து கிளீன் பண்ணணும்.

— அதத்தான் கேக்க வந்தன். என்னெண்டு கிளீன் பண்றீங்க?

— கெம்பஸ் போய் வந்தாலும் வந்தாய், ஒரே கேள்வி.

— எங்கட குடும்பத்தில முதல் டிகிரி. கேள்வி கேக்காம எடுக்க ஏலுமா? சொல்லுங்க.

— பாட்டில பாடாத இடம் ஒண்டு பாத்து எடுப்பன். அதில இரிக்கிறது வெறும் இரைச்சல்தானே. இதுதான் சத்தம், இதப் பாட்டு முழுக்க அழி எண்டு கொம்பியூட்டருக்குக் காட்டுவன். அது தேடித் தேடி அழிக்கும்.

— ஒவ்வொரு பாட்டுக்கும் புதுசா எடுப்பீங்களா?

— எடுக்கணும்தான்... நேரம் எங்க. நல்லா ஒண்டு அமைஞ்சா சேவ் பண்ணி வச்சுப் போடுறதுதான்.

— மூணு வருசமா ஒண்டுதான்.

— ஆர் சொன்ன?

— என்ட குரல் சொல்லுது. நான் வீட்டில பாடி உங்களுக்கு அனுப்புறன். திரும்பி வரக்குள்ள, மேல போற இடமெல்லாம் தண்ணிக்குள்ள இரிந்து பாடுற மாதிரி இரிக்கு.

— அது மைக் சரியில்ல. அதான் புதுசு...

— மைக் மாத்தினன். வயர் மாத்தினன். ஜன்னல், கதவு எல்லாத்திலயும் மெத்தையக் கட்டிப்போட்டு வேர்த்து ஊத்த ஊத்தப் பாடினன். அதே தண்ணி.

— அறையில எதிரொலி இரிக்கும்.

— சித்தாண்டிப் பொடியன் பாடின முருகன் பாட்டு நீங்கதானே கிளீன் பண்ணின. அதில தண்ணி இல்ல. காத்தான்குடி உடுப்புக் கடை விளம்பரத்தில தண்ணி இல்ல. எனக்கு மட்டும் என்னத்துக்கு?

— ...தேத்தண்ணி குடிக்கிறியா?

— வேணாம்.

— இஞ்சி போட்டு...

— மச்சான், என்னோட படிச்ச நிஸ்றா தெரியும்தானே. நீங்க தொடாத ஃபைலையும் கிளீன் பண்ணினதையும் அவளிட்டக் குடுத்தன். கேட்டுட்டுச் சொல்றாள், குரலுக்கு ஒண்டும் இல்லயாம். கிளீன் பண்ற ஆள்தான் உன்ட குரலையே சத்தமெண்டு காட்டி அழிக்கிறார் எண்டு.

— அவளுக்கென்ன தெரியும்.

— என்ட குரல் மாதிரிக் குரல் ஒருத்திக்குத்தான் இரிந்தது. ஃபோன்ல கதைச்சா அம்மாவுக்கே விளங்காது, நானா அக்காவா எண்டு.

— ஓம். ஒருக்கா நான் உன்ன வதனி எண்டு நினைச்சு, பாண் வாங்கிவரவா எண்டு கேட்டன்.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல்ல.

— அந்தத் துண்டைப் போடுங்க. சேவ் பண்ணி வச்சிரிக்கிறத.

— தனு, அண்டைக்கு நடந்தது முழு நாவற்குடாவுக்கும் தெரியும். பின் வளவில தோணி அவிழ்ந்திட்டு. பிடிக்கப் போன இடத்தில வழுக்கி ஆத்துக்குள்ள போயிட்டா. இதில பாட்டும் ரெக்கோர்டிங்கும் எங்க வந்த?

— அந்த நேரம் வீட்டுக்குள்ள நான் பாட, நீங்க எடுத்துக்கொண்டு இரிந்தீங்க. அங்கதான் வந்த.

— நாலு செக்கன். அதில ஒண்டும் இல்ல.

— ஒண்டும் இல்லாததப் போட என்ன பயம்? உங்கட ஃபோன் அடிக்குது.

— மாமி.

— எடுக்காதீங்க. போடுங்க.

— அப்ப இந்த ஹெட்போனைப் போடு.

— ஹெட்போன் நான் போட மாட்டன். ஸ்பீக்கர்ல விடுங்க.

— ...இந்தா.

— ...

— கேட்டதா?

— திரும்ப.

— தனு...

— திரும்பப் போடுங்க.

— ...

— என்ட பேர்.

— ஓம். தனூ எண்டு தொடங்கி... முடியல்ல.

— எப்ப கண்டுபிடிச்ச நீங்க?

— எட்டுச் செலவுச் சடங்கு முடிஞ்ச பிறகு. முப்பத்தொண்டாம் நாளுக்கு அந்தப் பாட்டை அவட நினைவா விடச் சொல்லி மாமிதான் கேட்டவ. ரெண்டு கிழமையா நித்திர இல்ல எனக்கு. சரணத்துக்கு முதல் நீ பாடாம நிண்ட நாலு செக்கன், வழமை போல அதப் பிடிச்சன். கேட்டும் பாக்கல்ல. இதான் சத்தமெண்டு காட்டிட்டன். அது அழிச்சிட்டு. பிறகுதான் துண்டைப் போட்டுக் கேட்டன்.

— அண்டைக்கே கேக்கல்லயா?

— நான் மற்ற அறையில. நீ பாடாட்டியும் என்ட காதில இசை போய்க்கொண்டிரிந்தது. சத்தியமா.

— பின் கதவில சிவப்புத் துணி தொங்கினது.

— ...ஓம்.

— துணி தொங்கினா ரெக்கோர்டிங். வீட்டில ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. அந்தச் சட்டம் ஆர் வச்ச?

— நான்தான். அதாலதான் அவ... கடைசி வரைக்கும் கூப்பிடாம... நான் அத யோசிக்காத நாள் இல்ல தனு.

— யோசிச்சு யோசிச்சு, என்ட ஒவ்வொரு பாட்டுக்கும் அதையே போட்டீங்க.

— வேற துண்டு போட்டுப் பாத்தன். நீ விளங்கிக்கொள். எத்தனையோ போட்டன். வெறும் அறை, வெறும் ஃபேன்... எது போட்டாலும் உன்ட பாட்டில அவ நிக்கிறா.

— என்ன?

— நீ அந்த வீட்டில இரிந்து அனுப்புறது எல்லாத்திலயும். போன மாசம் அனுப்பினதிலயும். சரணத்துக்கு முதல், நீ மூச்செடுக்கிற இடம். அந்தத் துண்டைப் போட்டாத்தான் போறா. விசர் எண்டு நினைக்கிறியா?

— இல்ல. நிஸ்றாவும் கேட்டாள். பின்னால உன்ன ஆரோ கூப்பிடுறாங்க, பாட்டு முடிஞ்ச பிறகு போய்ப் பாத்தியா எண்டு.

— ஆண்டவனே... அதுக்குத்தான் சொல்றன், மேடை மைக்கக் கொண்டு போ. அதுக்குக் கேக்காது. எழுத்து முடிய நானும் அந்த வீட்டுக்கு வந்திடுவன். ரெண்டு பேரும் இரிந்தா...

— ஆரிட குரலோட குடும்பம் நடத்த வாறீங்க மச்சான்?

— அப்பிடிக் கேக்காத.

— நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு கதைக்க, நீங்க கண்ண மூடிக்கொண்டு இரிக்கவா? அலுமாரிச் சாவியத் தாங்க.

— என்னத்துக்கு?

— வெள்ளி மைக் அதுக்குள்ளதான் இரிக்கு. எனக்குத் தெரியும். தாங்க... நன்றி. பாரமா இரிக்கு இது.

— அத வச்சு என்ன பாடப் போறாய்?

— பாடல்ல. இண்டைக்குப் பின்னேரம் பின் கதவத் திறந்து, படியில வைக்கப் போறன், ஆத்தப் பாக்க. துணி கட்ட மாட்டன். அவ கூப்பிட்டு முடிக்கட்டும்.

— மாமி விடுவாவா? எழுத்துக்கு அஞ்சு நாள்தான்... பாரு, திரும்ப அடிக்கிறா. எத்தினை பேருக்குச் சோறு எண்டு கேக்கப் போறா.

— இல்ல. காலம வெளிக்கிடக்குள்ளயே சொல்லிட்டன், எழுத்து இல்லயெண்டு. அதுக்குத்தான் அடிக்கிறா.

— நீ... மைக் பாக்க வாறன் எண்டு...

— பாத்திட்டன். எடுத்திட்டன்.

— தனு, செருப்பப் போட்டுக்கொண்டு படியில நிண்டு கதைக்காத. உள்ளுக்க வா. என்னில என்ன கோபம் உனக்கு? எனக்குக் கேக்கல்ல எண்டுதானே சொல்றன்.

— உங்களுக்குக் கேக்கல்ல, நம்புறன். மைக்குக்கு முன்னால நிண்டது நான். ஹெட்போன்ல அவ கூப்பிட்டது எனக்கு நல்லாக் கேட்டது. சோத்துக்குத்தான் கூப்பிடுறா, இந்த முறைதான் பாட்டு பிழையில்லாம வருது, முடிச்சிட்டுப் போவம் எண்டு... சரணத்தத் தொடங்கினன்.