அருந்ததிக்கு நான் செய்த வைத்தியம்

இந்த வார்ட்டுப் பிளேன்ரீயில் இஞ்சி தட்டிப் போடுகிறார்கள், நல்ல விஷயம். என் மனைவி அன்னபாக்கியம் ஹெந்தளைக்குத் தங்கச்சி வீட்டோடு போய்விட்ட பிறகு எனக்கு இப்படியொரு தேநீர் வாய்க்கவில்லை.

அருந்ததியின் கதையை ஆதியிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், டொக்டர் பிள்ளை. சந்தோஷமாகச் சொல்கிறேன். ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பேர் மனம்விட்டுக் கதைப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும். சிரிக்காதீர்கள். மனித மனத்தை நீங்கள் புத்தகத்தில் படித்தீர்கள். நான் முப்பத்துமூன்று வருடம் காதால் கேட்டேன். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் ட்ரங்கோல் இணைத்துக் கொடுக்கும் வேலை. எந்த எக்ஸ்சேஞ்ச் என்று கேட்க வேண்டாம், அங்கே இன்னும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். லைனை இணைத்ததும் காதில் இருப்பதைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. நான் கழற்றவில்லை. செத்தவீடு, குழம்பிப்போன கலியாணம், கப்பலேறிப்போன பிள்ளை, எல்லாம் என் காது வழியாகத்தான் போயின. நான் கேட்ட அழுகையை வாளியில் பிடித்து ஊற்றியிருந்தால் வெள்ளவத்தைக் கடல் ரயில் பாதையைத் தாண்டி காலி வீதிக்கு வந்திருக்கும். ஒரு பெண் ஹலோ என்று சொல்லும் விதத்திலேயே அவளுடைய மாமியார் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுவேன்.

பென்ஷன் எடுத்த பிறகு என் காது பட்டினி கிடந்தது. அதனால் எங்கள் ஃபிளாட்ஸ் சனத்தின் மனநலத்தை நானாகவே பொறுப்பெடுத்துக்கொண்டேன். சண்டை நடக்கிற காலம், நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. கீழ்வீட்டு சண்முகலிங்கம் மாஸ்டர் சுற்றிவளைப்பு என்றால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். அது பயம், ஆரோக்கியமான விஷயம். பிறிஜெற் என்றொருத்தி சோதனைக்கு வந்த ஆமிக்காரனுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தாள். அது நோய். செக்பொயின்ற்றில் அடையாள அட்டை வாங்கும் ஆமிப் பொடியனின் கை நடுங்குவதைக் கவனித்து, "மல்லி, அம்மாவின் நினைவோ?" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டேன். என்னைப் பத்து மணி வெயிலில் நிறுத்தி மத்தியானத்துக்குப் பிறகுதான் விட்டான். என் கணிப்பு சரி என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம்.

அன்னபாக்கியத்துக்கு மட்டும் என் சேவை விளங்கவில்லை.

"இஞ்சாருங்கோ, சிரிச்சாலும் வருத்தம் எண்டுறீங்கள், அழுதாலும் வருத்தம் எண்டுறீங்கள். சும்மா இருக்கிற சனத்துக்கு என்ன பேர்?"

"சும்மா இருக்கிறவை செத்த ஆக்கள்."

"அப்ப உங்களுக்கு இன்னும் கனகாலம் இருக்கு."

அருந்ததி எங்களுக்கு மேல்மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவள். சாவகச்சேரிப் பிள்ளை. தாய் தகப்பன் இடம்பெயர்ந்து வன்னியில். ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த குகதாசன் கொழும்பில் வைத்துத் தாலி கட்டிவிட்டு, பலகாரம் முடிய முன்னம் பிளேன் ஏறிவிட்டான். இவள் கனடா போக அவனுடைய ஸ்பொன்சருக்குக் காத்திருந்தாள். காத்திருப்பது வெள்ளவத்தையில் ஒரு முழுநேர வேலை.

எங்கள் மாடிப்படியில் போன் இருந்த ஒரே வீடு என்னுடையது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் புருஷன்மாரும் என் நம்பருக்குத்தான் எடுப்பார்கள். நான் விறாந்தையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவர்கள் செருப்பில்லாமல் ஓடிவருவார்கள். அருந்ததிக்கு ஞாயிறு பின்னேரம். அவள் கதைக்கும்போது நான் மரியாதையாக உள்ளறைக்குப் போய்விடுவேன். கதைத்து முடித்து அழுவாள். நான் எதிர்க் கதிரையில் இருப்பேன். "எல்லாத்தையும் கொட்டு பிள்ளை, அடக்கினால் அது தலைக்கு அடிக்கும்" என்பேன். அவள் கொட்டுவாள். எவ்வளவு தரமான துக்கம் என்று நினைக்கிறீர்கள். அந்தப் பின்னேரங்களில் நான் மனிதகுலத்துக்கே பயன்பட்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், பேப்பர் எல்லாம் பாஸாம். இனி இன்ரர்வியூ மட்டுந்தானாம்."

"இரு பிள்ளை, இருந்து கதை."

"இல்லை அங்கிள், தலைக்கு முழுகப் போறன்."

கதிரையில் குந்தக்கூட இல்லை. மேலே பாடிக்கொண்டு போனாள். வருடக்கணக்காக அழுதவள் ஒரு நாளில் சிரித்தால் அது என்ன? நீங்கள் ஏதாவது இலத்தீன் பெயர் வைத்திருப்பீர்கள். நான் அதற்குச் சந்தோஷ அதிர்ச்சி என்று பெயர் வைத்தேன். எனக்குத் தெரிந்த நோய்களில் ஆகப் பொல்லாதது அதுதான். வேறு எவருக்கும் அது தெரியாது.

அடுத்த ஞாயிறு, என் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரும்படி அவளைக் கோவிலுக்கு அனுப்பினேன். குகதாசன் எடுத்தான்.

"அங்கிள், வாற மாதம் கனடா ஹைகொமிஷனிலை இன்ரர்வியூவாம். அருந்ததியைக் கூப்பிடுங்கோ. நானும் வீடு மாறிட்டன், புது நம்பரையும் குடுக்கவேணும்."

"தம்பி, இருக்கிறீரோ நிக்கிறீரோ?"

"நிக்கிறன்."

"இரும். பிள்ளைக்கு மனம் கொஞ்சம் சரியில்லை."

"போன கிழமை நல்லாத்தானே கதைச்சவ. சிரிச்சும் கதைச்சவ."

"அதுதான் தம்பி முதல் அறிகுறி."

இந்த நிலையில் அவளைக் கொண்டுபோய் வெள்ளைக்காரனுக்கு முன்னால் நிறுத்தினால் ஒரேயடியாக றிஜெக்ற் பண்ணிவிடுவான் என்று விளக்கினேன். சுகமாகும் வரை இன்ரர்வியூவைத் தள்ளிப்போடச் சொன்னேன். அவளோடு கதைக்கவும் வேண்டாம், கடிதம் போடவும் வேண்டாம், உம்முடைய குரல் கேட்டால்தான் கூடுகிறது என்றேன். அவன் அழுதான். என் அனுபவத்தில் ஓர் ஆண்பிள்ளை அவ்வளவு சுத்தமாக அழுது நான் கேட்டதில்லை. "சுகமானவுடனை சொல்லுங்கோ அங்கிள், எவ்வளவு காலமெண்டாலும் இருப்பன்" என்றான். தங்கமான பிள்ளை. அவன் சொன்ன புது நம்பரை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன்.

அருந்ததி குங்குமத்தோடு வந்தாள்.

"கோல் வந்ததோ அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை."

"இருந்தனீங்கள்தானே?"

"கக்கூசுக்குக்கூடப் போகேல்லை."

அன்றைக்கு மீண்டும் அழுதாள். வைத்தியம் அவ்வளவு கெதியில் வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. சில கிழமைகளில் சிரிப்பு முழுதாக இறங்கிவிட்டது. காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போய்ப் பழைய நம்பருக்கு எடுத்துப் பார்த்தாளாம். யாரோ சீனாக்காரன் ஏசினானாம். அந்த வீட்டுக்கு அவள் போட்ட கடிதமும் ஆளில்லை என்று திரும்பி வந்தது. குகதாசன் மாதத்துக்கொரு தடவை, அவள் ரியூஷன் படிப்பிக்கும் நேரம் பார்த்து எடுப்பான். நான் அறிகுறிகளைச் சொல்வேன். அவனும் அழுவான். இரண்டு பக்கமும் ஒழுங்காக நடந்தது.

இந்த நேரத்தில்தான் அன்னபாக்கியத்துக்கு நோய் கண்டது. ஒரு நாள் நான் குகதாசனோடு கதைப்பதைக் கேட்டுவிட்டு, சமைத்த சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பெட்டி கட்டினாள்.

"அந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்யிறதை நாய்க்கும் செய்யமாட்டினம். நான் சொல்லப்போறன்."

"சொல்லு. அவளுக்கு விசர் எண்டு அவளுக்கே சொல்ல உனக்கு மனம் வந்தால் போய்ச் சொல்லு."

படிவரை போனாள். அருந்ததியின் கதவைத் தட்டவில்லை. வந்த முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டாள். இரக்கம் வரும்போது ஆட்கள் ஓடிப்போவது பொதுவான குணம், நீங்களும் கண்டிருப்பீர்கள்.

பிறகு அருந்ததி ஞாயிறு மட்டுமல்ல, எல்லாப் பின்னேரமும் வரத் தொடங்கினாள். "அங்கிள், நீங்கள் படுங்கோ, நான் சும்மா இருக்கிறன்" என்பாள். நான் உள்ளறைக்குப் போனதும் றிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு புருஷனோடு கதைப்பாள். மறுபக்கம் டயல் சத்தம்தான். ஆனாலும் கதைப்பாள். இன்றைக்கு ரொட்டி சுட்டது, கடல் இரைந்தது, தாயின் முகம் கனவில் மங்கலாகத் தெரிந்தது, எல்லாம். அவளுடைய கேஸ் குறிப்பில் நீங்கள் ஆளில்லாத போனோடு கதைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாதிப் பிள்ளை சொன்னாள். போன் தனக்குப் பதில் சொல்கிறது, புருஷன் பெட்டி கட்டச் சொன்னான் என்கிறாளாம். அந்தக் குரல் நிற்பதற்கு ஊசியும் போடுகிறீர்களாம்.

அதனால்தான் ஒரு நாள் காலை அவள் பெட்டியோடு ஃபிளாட்ஸ் வாசலில் நின்றாள். அடுத்த நாளும் நின்றாள். இந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை பெட்டியோடு காலி வீதிப்பக்கம் அசையாமல் நின்றால் என்ன நடக்கும்? குண்டென்று தெரு வெறுமையாகிவிட்டது. பொலிஸ் தூரத்தில் நின்று துவக்கை நீட்டியது. நான் பனியனோடு ஓடிப்போனேன். "மேயாட்ட பிஸ்ஸு, மஹத்தயா" என்றேன். இவளுக்குப் பைத்தியம், ஐயா. பெட்டியைத் திறந்து காட்டினேன். கூறைச் சேலை, ஒரு கம்பளிச் சட்டை, பருத்தித்துறை வடை ஒரு கடதாசிச் சரை. ஒரு வசனத்தில் அவள் உயிரைக் காப்பாற்றினேன். அவள் என்னைப் பார்த்து, "அங்கிள், அவர்தானே வரச் சொன்னவர், நீங்களாவது சொல்லுங்கோ" என்றாள். நான்தான் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தேன்.

இப்போது உங்கள் குறிப்பில் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். தொழில் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. அந்த ஊசியை நிறுத்திவிடுங்கள், டொக்டர். என் உள்ளறையில் இன்னொரு போன் இருக்கிறது, அதே வயரில். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மரியாதையாக உள்ளே போனதும் அதற்காகத்தான். சில நாள் போனதும், பின்னேரங்களில் அவள் வர முன்னம் வெளி லைனைக் கழற்றிவிட்டு, ரோச் பற்றறி நாலைந்தைக் கோர்த்து இரண்டு போனையும் சேர்த்துவிடுவேன். பழைய வேலைக்காரனுக்கு அது பெரிய காரியமில்லை. டயல் சத்தம் நின்றது, அவளுடைய குரல் தெளிவாக வந்தது. முதலில் நான் ம் என்று மட்டும் சொன்னேன். ஒருத்தி அவ்வளவு நேரம் கதைக்கும்போது ம் கொட்டாமல் இருப்பது மனிதத்தன்மை இல்லை. பிறகு அவள், "எப்ப கூப்பிடுவீங்கள்?" என்று கேட்டாள். குகதாசனின் குரல் எனக்கு நன்றாக வரும், மாதாமாதம் கேட்கிறேன் அல்லவா. "வாற கிழமை, பெட்டியைக் கட்டு" என்றேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். மூச்சு மட்டும் கேட்டது. முப்பத்துமூன்று வருடத்தில் அப்படியொன்றை நான் கேட்டதில்லை.

அந்தப் புது நம்பரைக் கேட்கிறீர்கள். மறக்கவில்லை, இந்தக் கணத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சொல்லப்போவதில்லை. அவன் ஒரு தடவை ஹலோ என்றால் அவள் சுகமாகிவிடுவாள். சுகமானவர்கள் ஒருவரும் என் வீட்டுக்கு வருவதில்லை.