கறுப்புக் கோட்டின் இடது கை

மாஸ்டர்: …எழுந்து நின்னு கும்பிட்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு இல்ல பாரு. மேடை ஏறினதும் தையக்காரன மறந்துபோச்சு!

சம்சாரம்: ஏங்க, கைய இறக்குங்க. அது பாட்டுக்காரப் பொண்ணு இல்ல. மைக் ஸ்டாண்டு. கிட்டார்க்காரர் தன் சட்டைய மாட்டி வச்சிருக்காரு.

மாஸ்டர்: அப்படியா…

சம்சாரம்: விளக்கு இன்னும் போடலல்ல. யாருக்கும் அப்படித்தான் தெரியும்.

மாஸ்டர்: அதான! இருட்டுல என்னத்த…

சம்சாரம்: நூறு நாற்காலி இருக்குமா? நம்ம கடைய நாலு மடங்காக்கினா இந்த ஹாலு.

மாஸ்டர்: அவ பாப் பாட்டெல்லாம் இதுவரைக்கும் போன்லதான ஓடுச்சு. ஆளு இப்பத்தான் வெளிய வருது. முதல் மேடை. அதுக்குத்தான கோட்டு.

சம்சாரம்: அது சரி. ரேடியோ போட்டாலே அணைங்கிற மனுஷன், முன் வரிசையில வந்து உக்காந்திருக்கீங்களே… என்ன விசேஷம்?

மாஸ்டர்: ஏன், நான் பாட்டு கேக்கக் கூடாதா?

சம்சாரம்: கேளுங்க, கேளுங்க. சட்டைப் பையில என்ன, என் தோள்ல குத்துது?

மாஸ்டர்: ஊசி நூலு.

சம்சாரம்: பாட்டு கேக்க ஊசி எதுக்கு?

மாஸ்டர்: தையக்காரன் பையில ஊசி இல்லாம உலக்கையா இருக்கும்? பேசாம இரு, விளக்கு போட்டுட்டாங்க.

சம்சாரம்: வந்துட்டா! ஏங்க, எவ்வளவு கிட்ட… ஷூ நாடா அவுந்திருக்கிறது கூடத் தெரியுது.

மாஸ்டர்: கோட்டு எப்படி இருக்கு?

சம்சாரம்: நீங்க தைச்ச கோட்டு, நாலடி தள்ளி நிக்குது. என்னைக் கேக்குறீங்க?

மாஸ்டர்: விளக்கு கூசுதுடி… மைக்கு எந்தக் கையில?

சம்சாரம்: வலது கையில.

மாஸ்டர்: ஐயோ.

சம்சாரம்: எதுக்கு ஐயோ?

மாஸ்டர்: அப்ப இடது கை சும்மா இருக்கு. சும்மா இருக்கிற கை சும்மா இருக்காதே…

சம்சாரம்: கொஞ்சம் கேக்க விடுங்க. இதே பாட்ட போன்ல எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். வரிக்கு நடுவுல அவ மூச்சு இழுக்கிறது கேட்டதே இல்ல. இங்க கேக்குது. என் மூச்சும் கூடவே நின்னு நின்னு வருது.

மாஸ்டர்: என் மூச்சு எப்பவோ நின்னுடுச்சு.

சம்சாரம்: என்னதான் ஆச்சு? இப்படி வேர்த்துக் கொட்டுது!

மாஸ்டர்: சொன்னா கத்தக் கூடாது.

சம்சாரம்: நான் என்னைக்குக் கத்தியிருக்கேன்? …சரி, இன்னைக்குக் கத்தல. சொல்லுங்க.

மாஸ்டர்: அந்தக் கோட்டோட இடது கை… தோளோட சேக்க கையால ஓட்டுத் தையல்தான் போட்டேன். சும்மா தாங்கிப் பிடிக்க. அது மேல மெஷின் ஓட்டணும். மறந்துட்டேன்.

சம்சாரம்: மறந்துட்டீங்களா?

மாஸ்டர்: ஓட்டுத் தையலுக்கு எப்பவும் வெள்ளை நூலுதான போடுவேன்? அன்னைக்கு வெள்ளை தீந்துபோச்சுன்னு கறுப்பு போட்டேன். கறுப்போட கறுப்பா கலந்துடுச்சு. இஸ்திரி போட்டு மடிச்சாச்சு. இன்னைக்குக் காலையில மெஷினத் திறந்தா, அந்தக் கைக்குன்னு பாபின் உருளையில சுத்தி வச்ச நூலு குறையாம அப்படியே இருக்கு!

சம்சாரம்: பாபின்… நிறையவா இருந்துச்சு?

மாஸ்டர்: விரலால தொட்டுப் பாத்தேன். முழுசா இருக்கு. அப்பவே ஊசி நூல எடுத்துப் பையில போட்டுட்டேன்.

சம்சாரம்: அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?

மாஸ்டர்: முப்பது வருஷமா மாஸ்டர், மாஸ்டர்னு பேரு வாங்கிட்டு, 'கோட்டுல கை நிக்காதும்மா'ன்னு எந்த வாயால சொல்றது? இடைவேளையில உள்ள போய் நாலு தையல் போட்டுடலாம்னுதான்…

சம்சாரம்: இடைவேளை கிடையாதாம். கதவுல எழுதி ஒட்டியிருந்துச்சே.

மாஸ்டர்: எங்க?

சம்சாரம்: …பெரிய எழுத்துல. சரி, விடுங்க. கிழியாதுங்க. என் மனசு சொல்லுது.

மாஸ்டர்: உன் மனசா தையல் போட்டுச்சு? இத்தனை பேர் முன்னால கை கழண்டு தொங்குச்சுன்னா, அந்தப் பொண்ணு அப்புறம் மேடை ஏறுமா? 

பாடகி: நன்றி, நன்றி! மூச்சு வாங்குது, ஒரு நிமிஷம்… கோட்டு நல்லா இருக்கா? இதத் தைச்ச மாஸ்டர் இதோ முன் வரிசையில இருக்காரு. எழுந்திரிங்க மாஸ்டர்!

மாஸ்டர்: ஐயையோ.

சம்சாரம்: எழுந்திரிங்க. எல்லாரும் தட்டுறாங்க.

பாடகி: வெக்கப்படுறாரு! குட்டிக்கரணம் போட்டாலும் பிரியாதுன்னு சொன்னீங்கல்ல? இப்பப் பாருங்க… ரெண்டு கையும் மேல!

மாஸ்டர்: போச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன். சொல்லு, கிழிஞ்சுதா?

சம்சாரம்: இல்ல.

மாஸ்டர்: கைய இறக்கிட்டாளா?

சம்சாரம்: தூக்கின கையோட குதிக்கிறா. எல்லாரும் எழுந்து குதிக்கிறாங்க.

மாஸ்டர்: நிக்குதா?

சம்சாரம்: அசையாம நிக்குது.

மாஸ்டர்: வெறும் ஓட்டுத் தையலு! பாத்தியா என் கைய? மெஷினாம் மெஷினு!

சம்சாரம்: ம்…

மாஸ்டர்: என்ன ம்? சிரிக்க மாட்டேங்கிற?

சம்சாரம்: சிரிச்சுட்டுதான் இருக்கேன். மெதுவான பாட்டு வருது, கேளுங்க.

மாஸ்டர்: …ஏய்.

சம்சாரம்: சொல்லுங்க.

மாஸ்டர்: அந்தக் கைதட்டு மனசுக்கு ஒப்பல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். மறக்கல. அன்னைக்கு மடிக்கும்போது பாத்தேன், தையல் இருந்துச்சு. எது ஓட்டு, எது மெஷின்னு கண்ணுக்குப் பிரியல, மெஷின் போட்டாச்சுன்னு நினைச்சு மடிச்சுட்டேன். கொஞ்ச நாளாவே எதுவும் சரியாத் தெரியல… சொன்னா ஊசிய வாங்கி வச்சுடுவியோன்னு பயம்.

சம்சாரம்: அந்த பாபின நிறைச்சு வச்சது நான்தாங்க. கோட்ட மடிச்சு வச்சுட்டு நீங்க கண்ணசந்தீங்கல்ல… எடுத்து விரிச்சு, இடது கைக்கு மெஷின் போட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடுமேன்னு நூலையும் திரும்பச் சுத்தி வச்சேன். ஆறு மாசமா மத்தியானம் நீங்க விட்ட தையலப் போடுறதுதான் எனக்கு வேலை. நாளைக்குப் பத்து மணிக்குக் கண் டாக்டர்கிட்ட பேர் குடுத்திருக்கேன். ஊசிய யாரும் பிடுங்க மாட்டாங்க. இப்பக் கண்ணத் தொடச்சுட்டுப் பாட்டக் கேளுங்க… கைதட்டுல இடது கைக்கு உண்டானது மட்டும் என்னுது, மிச்சமெல்லாம் உங்களுதுதான்.