கழுவப்பட்ட பச்சைக் காம்புக் கிளாஸ்

என் பெயர் தில்மன் ஹோர்பாக். வயது முப்பத்திரண்டு. மின்பணியாளர். மோசல் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்த் தேவாலயத் தெருவில் வசிக்கிறேன். கிளாஸ் கழுவும் வண்டிக்குள் ஹெட்விக் அம்மையாரை அடைத்து வைத்ததாக என்மீது உள்ள புகாரைப் படித்துக் காட்டினார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி ஸ்வென்யா பிப்ரவரியில் இறந்துவிட்டார். சனிக்கிழமை அவர் தம்பி வோல்கர் என்னை ஒயின் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றார். திருவிழாவை முழுசாக அனுபவிக்க ஸ்வென்யா ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வயிறு நிறைய வெங்காய அப்பம், பிறகு மேட்டுக் கடையின் புளிப்பு ஒயின், இடையிடையே தண்ணீர், இனிப்பு ஒயின் கடைசியில், உட்கார சுவரோர பெஞ்சு. வோல்கர் எல்லாவற்றையும் அதன்படியே செய்தார்.

அதன் பிறகு நான் கொண்டுவந்த கிளாசை மேசையில் வைத்தேன். போன வருடத் திருவிழாவில் ஸ்வென்யா குடித்துவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தது. விளிம்பில் அவருடைய உதட்டுச்சாயம் இருந்ததால் நான் கழுவவில்லை. எல்லாக் கடையிலும் அதே பச்சைக் காம்புக் கிளாஸ்தான். காலியானதைக் கொடுத்தால் கழுவிய வேறொன்றில் ஊற்றித் தருவார்கள்.

அதன் பிறகு பேண்டு வாசிக்கவே, வழக்கப்படி பெஞ்சு முழுவதும் கைகோத்து ஆடியது. என் இரண்டு கைகளும் மாட்டிக்கொண்டன. எதிர் வரிசைக் கடைசியில் இருந்த வோல்கர், "என்ன அத்தான், கிளாஸ் இவ்ளோ அழுக்கா இருக்கு! அக்கா பாத்தா கொன்னுடும்" என்று சிரித்தபடி அதைத் தட்டோடு வந்த பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டார். நான் கத்தினேன். "அட, ரொப்பிட்டு வருவாங்கண்ணே, என்ன அவசரம்?" என்று பக்கத்தில் இருந்தவர் என் கையை இன்னும் இறுக்கினார். முன்னால் மேசை, பின்னால் சுவர். பாட்டு முடியும்வரை யாரும் விடவில்லை.

அதன் பிறகு கிளாஸ் கழுவும் வண்டிக்கு ஓடினேன். அதற்கு அன்று காலை மின் இணைப்புக் கொடுத்தது நான்தான். கழுவும் இயந்திரம் நிற்கும்படி சுவிட்சை அணைத்தேன். உள்ளே ஏறி, கிளாஸ்கள் வெளியே போகாதபடி கதவைத் தாழிட்டேன். உள்ளே கிளாஸ் கழுவும் ஹெட்விக் அம்மையார் இருந்தார். "கதவத் தொறப்பா" என்றார். நான் திறக்கவில்லை. காரணத்தைச் சொன்னேன். பிறகு அவரும் கிளாஸ்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுலயும் இருக்காது தம்பி. நான் நல்லாக் கழுவுவேன்" என்றார். ஈரமில்லாத கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு கதவைத் திறந்தேன். மின்சாரத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

என்னிடம் கைப்பற்றிய கிளாஸ், "இதையாவது வச்சுக்கோப்பா" என்று அந்த அம்மையார் கொடுத்தது. அதை அவரிடமே சேர்த்துவிடவும். திருவிழா நாளைவரை இருக்கிறது, கிளாஸ் தேவைப்படும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்)
தில்மன் ஹோர்பாக்