பானெட்டுக்குக் கீழே தெரிந்த கை

ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கை போகக் கூடாது. பூஞ்சை பிடித்துவிடும். எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும், அஞ்சு மேடம். வாக்குமூலத்தை நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வாசிக்கத் தெரியும். மாறியிருந்தால் சொல்லிவிடுவேன்.

என் கணவர் கோலப்பனிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி மறு வருஷம் வாங்கியது. ஒரு மாதமாக அதில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் கெட்டுப்போயிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னேன்.

"என்னத்துக்கு? போன்ல பாத்தா எல்லாம் இருக்குட்டி" என்றார். கரமனையில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் போட்டார்.

பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததை என் இட்லித் துணியால் துடைத்தார். சோடா மாவு கரைக்க நான் காபி குடிக்கிற டம்ளரை எடுத்தார். கழுவித்தான் வைத்தார். விளிம்பில் உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு இருந்தது. அவர் நகக்கண்ணில் கிரீஸ் எப்போதும் இருக்கும். அந்த விரல்களால் சோற்றைப் பிசைந்து, உருட்டி, கடைசியில் உள்ளங்கையை நக்குவார். இருபத்தைந்து வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குடிக்க மாட்டார். கை நீட்டியதில்லை. அதையும் எழுதுங்கள்.

அன்று காலை வேலையை முடிக்குமுன் சாப்பிட வந்தவர், நார்த்தங்காய் ஜாடிக்குள் கையை விட்டார்.

"ஸ்பூன் இருக்குல்லா?"

"நர்சம்மா, கையால எடுத்தாத்தான் ருசி" என்று சிரித்தார். சுத்தம் பற்றி நான் வாயைத் திறந்தால் எனக்கு அந்தப் பேர்தான்.

எண்ணெயின் மேல் கறுப்பாக ஒரு வளையம் மிதந்தது. நான் ஜாடியை மூடினேன்.

பிறகு கூப்பிட்டார். எங்களுக்குள் ஒரு முறை உண்டு. நான் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும். அவர் ஸ்பேனரால் இரண்டு முறை தட்டினால் ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஒரு முறை தட்டினால் நிறுத்த வேண்டும். "நான் தட்டாம சாவியத் தொடப்பிடாது, கேட்டியா" என்று அன்றும் சொன்னார்.

ஆல்டர்னேட்டரைத் திரும்ப மாட்டி, பேட்டரியையும் இணைத்துவிட்டார். பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் பாக்கி. அதைப் பார்த்த பிறகுதான் பேட்டரியை இணைத்திருக்க வேண்டும். முந்திவிட்டார்.

திறந்த பானெட் அவர் முகத்தை மறைத்தது. அதன் கீழே நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதற்குள் அவர் வலது கை மட்டும் தெரிந்தது. மணிக்கட்டில் ஊறுகாய் எண்ணெய் மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது. அது ஒரு ஆளுடைய கை என்றே எனக்குத் தோன்றவில்லை. சாக்கடை ஓடையில் இருந்து ஏறி வந்த ஏதோ ஒன்று போல இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன்.

முதல் திருப்பலிலேயே இன்ஜின் பிடித்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

அவர் அலறிய சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டேன். கையைத் துணியால் சுற்றி ஆட்டோவில் ஏற்றியதும் நான்தான். மூன்று விரல் போய்விட்டது.

நேற்று ஆஸ்பத்திரியில் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "நான் தட்டினேன், கைய எடுக்க மறந்துட்டேன்னு போலீஸ்ல சொல்லியாச்சு. நீ ஒண்ணும் பேசாண்டாம். காப்பி குடிச்சியாட்டி?" இடது கையால் என் கன்னத்தைத் தொட்டார். நான் வீட்டுக்கு வந்து மூன்று தடவை முகம் கழுவினேன்.

அவர் தட்டவில்லை, மேடம். ஸ்பேனர் தரையில் கிடந்தது. கை உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் திருப்பினேன். அப்படியே எழுதுங்கள். இந்த மன்னிப்பையும் அவர் கையால் வாங்கித் தின்ன என்னால் ஆகாது.