பெரட்டு

ஸ்பிரிங்வெளி பஸ் பதுளையை விட்டுக் கிளம்பியதும் முன்சீட்டுப் பெண் சொன்னாள்: "எங்கண்ணன் வாயத் தொறந்தாலே பெரட்டிப் போடுறாங்க."

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். "யாரு, மொழியியல் பேராசிரியரையா?"

"ஆமாக்கா. பக்கவாதம் வந்தப்பறம், அத்தன பாஷ படிச்சவருக்கு ஒரே வார்த்ததான் மிச்சம். 'பெரட்டு'ங்கிறாரு. கொழும்புல அவரப் பாத்துக்கிற பொம்பள ஒடனே படுக்கையில பெரட்டி விடுறா."

"தோட்டத்துல காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் போவமே, அந்தப் பெரட்டு இல்லியா?"

"அதேதான். கட்டிலுக்குப் பக்கத்துச் செவத்துல அவரே வரைஞ்ச படம் இருக்கு, எங்கம்மா கொழுந்துக் கூடையோட பெரட்டுக்குப் போறது. அதப் பாத்துத்தான் சொல்றாரு. பெரட்டிட்டா படத்துப் பக்கம் முதுகுதான்."

"நீ சொல்லலியா?"

"சொன்னேன். எனக்கும் தமிழ் தெரியும்னு சொல்லிக்கிட்டே மறுபடி பெரட்டுனா."