நேசையன் வீட்டு இரைச்சல்

"ஹலோ... ஹலோ... ஆரு, அனிஷ் பயலா? ஒறக்க பேசுலே, கெணத்துக்குள்ள நின்னு பேசுத மாதிரி இருக்கு... ஆங்... ஆங்... இப்பம் கேக்குது. சொல்லு... லிஸ்டு அனுப்பினியா? பாத்தேன், பாத்தேன். கம்ப்யூட்டர் எடுத்துத் தாலேன்னா, மூணு சவத்துக்கப் படத்த அனுப்பியிருக்க. அத பாத்துட்டுத்தான் காலைல குடிச்ச சாயா இன்னும் எறங்காம நிக்குது."

ஜெயபாய் அடுக்களையில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கைதான் அங்கே இருந்தது. காது முழுக்க அடுத்த அறையில், புருஷன் நேசையன் பேசும் போனில் இருந்தது. மறுமுனையில் இருப்பவன் அவளுடைய அண்ணன் மகன் அனிஷ், வடசேரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். அவன் பேசுவது அவளுக்குக் கேட்காது. கேட்கவும் வேண்டாம். இன்று மாமாவிடம் என்ன கேட்க வேண்டும் என்று காலையில் அவளேதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள், நேசையன் மீன் வாங்கப் போன நேரம் பார்த்து. கேட்கிற தைரியம் அவனுக்கு எப்போது வரும் என்பதுதான் தெரியவில்லை.

"முதல்ல போட்டிருக்கியே, சைடுல கண்ணாடி வச்சது... அது கம்ப்யூட்டராலே? கிறிஸ்மஸ் கேரல் வண்டிக்குக் கட்டுன சீரியல் செட்டா? பச்சை, செவப்பு, வயலட்டு... அத அணைச்சும் வைக்கலாமா? அணைச்சு வைக்கதுக்கு எதுக்குலே வாங்கணும்?... பேனு எத்தனை?... அஞ்சா? அஞ்சு பேனும் சுத்துத சத்தத்துக்கு நான் பாட்ட கேக்கவா, ரைஸ் மில்லுல போய் உக்காரவா?... கேம் வெளையாட நல்லதா? ரொம்ப சந்தோசம். எனக்கு அறுபத்தாறு வயசு. இனி உக்காந்து துப்பாக்கி சுடுகேன்."

"செரி... செரி... ரெண்டாவது லேப்டாப்பு. வேண்டாம்... வேண்டாம்னா வேண்டாம்லே. ஏன்னா... செரி, நீ பேசு. நீ பேசி முடி, பொறவு நான் சொல்லுகேன்... முடிச்சிட்டியா? பதினாலு இஞ்சுல நான் சபை குரூப் போட்டோவ எப்படிப் பாக்க? நூத்தியிருவது பேரு நிக்கான். ஒவ்வொருத்தனும் எறும்பு மாதிரி இருப்பான். நேரே பாத்தா நம்ம பாஸ்டர் ஐயருக்க மூஞ்சி நீலம், கொஞ்சம் சாச்சுப் பாத்தா மஞ்சள். இதுல எதுலே அவருக்க சொந்த நெறம்?... புதுசுல அப்படி இல்லியா? எனக்க தங்கச்சி வீட்டுல கெடக்கது நீ குடுத்த புதுசுதானே? அதுலதான் பாத்தேன், ஐயர."

நேசையன் டெலிபோன் துறையில் முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். போஸ்டில் ஏறி ரிசீவரைக் காதில் வைத்தால் போதும், கோளாறு மணவாளக்குறிச்சிப் பக்கமா இராஜாக்கமங்கலம் பக்கமா என்று இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தக் காதை நம்பித்தான் சபையில் கொயர் பாடகர் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்து சுத்தம் பண்ணுகிற வேலையை அவரிடம் விட்டிருந்தார்கள். சபை மலருக்குப் படங்களைச் சரிசெய்து கொடுப்பதும் அவர்தான். பதிமூன்று வருஷமாக ஒரு பைசா வாங்காமல் செய்கிறார். பைசாவுக்குப் பதிலாக எல்லாரையும் இளக்காரமாகப் பேசுகிற உரிமையை எடுத்துக்கொண்டார் என்று ஜெயபாய்க்கு ஓர் எண்ணம் உண்டு.

இந்த வருஷம் சபைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. பன்னிரண்டு பாட்டு முடித்துக் கொடுக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. ஆறு மாதமாக எந்தப் பாட்டைப் போட்டாலும் அடியில் 'ஈ'யென்று ஓர் இரைச்சல் கேட்கிறது என்கிறார். அதற்கு மேல் பாட்டும் மங்கலாக இருக்கிறதாம். மங்கலைப் போக்குகிறேன் என்று கீச்சுச் சத்தத்தின் கூர்மையை ஏற்றிக்கொண்டே போய், போன வாரம் கமிட்டிக்குப் போட்டுக் காட்டினார். முதல் வரியிலேயே ஆளாளுக்குக் காதைப் பொத்திக்கொண்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பிரைட்டனிடம் கொடுத்துவிடுவோம் என்று செயலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நேசையனுக்கு உறக்கம் இல்லை. கோளாறு பழைய கம்ப்யூட்டரில்தான், புதிது எடுத்தால் சரியாகிவிடும் என்று நிற்கிறார்.

"என்னது? பிரைட்டன் என்ன கம்ப்யூட்டர் வச்சிருக்கானா? அவன் என்ன எழவ வச்சிருந்தா எனக்கென்னலே?... ஆமா... ஆமா... தெரியும். கல்யாணப் படத்துல பொண்ணு மூஞ்சிக்கு மாவு பூசிக் குடுக்கவன்தானே? கறுத்த பிள்ளைய வெள்ளைக்காரியாக்கி, பெத்த தள்ளைக்கே அடையாளம் தெரியாம ஆக்கினவன். அவனுக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? ஆல்டோ கொரல் எது, டெனர் கொரல் எதுன்னு கேட்டுப்பாரு, முழிப்பான். கொயரும் ஒண்ணுதான், பஸ் ஹாரனும் ஒண்ணுதான். எல்லாத்துக்கும் எக்கோ போட்டுக் குடுப்பான்... சாமானம் நெறைய இருக்கட்டும்லே. அவனுக்கு சாமானம் உண்டு, காது கெடையாது."

ஜெயபாய் ஒரு சாளையின் தலையைக் கொஞ்சம் வேகமாகவே வெட்டினாள்.

"மூணாவது... அந்த அல்வா டப்பா மாதிரி குட்டிக் கம்ப்யூட்டரா? பாத்தேன். கொள்ளாம், அழகாட்டு இருக்கு. உள்ள ராம் எவ்வளவு?... பதினாறு. செரி, பொறவு கூட்டிக்கலாமா?... முடியாதா? வாங்கும்போது என்ன உண்டோ, சாகுத வரைக்கும் அதானா? அத வாங்கதுக்கு நான் என்ன கோட்டியாலே?... என்னது? இரைச்சல அதுவே தானாட்டு எடுத்துருமா? ஓ... எது இரைச்சல், எது பாட்டுன்னு அதுக்கு ஆரு சொல்லிக் குடுப்பா? நீயா? போன மாசம் உனக்க போன்ல ஒண்ணப் போட்டுக் காட்டினியே, ஓர்ம இருக்கா? இரைச்சல எடுக்கேன்னு சொல்லி, பேஸ் கொரல்ல பாடுத நாலு பேரையும்லா அது எடுத்துக் களஞ்சுது... சிரிக்காத. எனக்கு எரியுது, நீ சிரிக்க."

"இல்ல மருமவனே, நான் தெரியாமத்தான் கேக்கேன். நீ தந்த எந்தச் சாமானம் உருப்பட்டுது? ஹெட்போன் மாத்துங்க மாமான்ன, மாத்துனேன். இரைச்சல் போவல்ல. ஸ்பீக்கர மாத்துங்கன்ன, மாத்துனேன். வயரு... ஆமா, அந்தத் தடியன் வயரு, அதும் மாத்தியாச்சு. எர்த்து செரியில்லன்னு ஒரு கண்டுபிடுத்தம். அதுக்கும் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு மூடினேன். எனக்க இடுப்பு போனதுதான் மிச்சம். எல்லாம் சவறு. உங்க குடும்பத்துல பொறந்த ஆளுக்கு ஒரு காரியம் செரியாட்டு வராதுலே. இங்க ஒண்ணு இருக்கே அடுக்களைல, அதுக்கும் அதே மண்டைதான்."

முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்கிற பேச்சு. ஆனாலும் இன்றைக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இந்த வீட்டில் எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பது அந்த மண்டைக்குத்தான் முதலில் தெரிந்தது. முற்றத்தில் அணில் கத்துவது அவருக்குக் கேட்பதில்லை. பின்வராந்தாவில் வாஷிங் மெஷின் துவைத்து முடித்து, மூடியைத் திறக்கிறவரை கூவிக்கொண்டே இருக்கும். அதற்கு இரண்டடி தள்ளி ஜன்னலுக்குள்ளே இவர் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். 'காதை ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டுவோமா' என்று ஓணத்துக்கு முன்பு ஒருதடவை கேட்டுப் பார்த்தாள். 'எனக்க காதுக்குத்தான்டி சர்க்காரு பென்ஷன் தருது. உனக்க வாயக் கொண்டு காட்டு' என்றார். அன்றோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். 'அன்னைக்கே சொன்னேம்லா' என்கிற ஒரு வரியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

"என்னது?... என்ன செக் பண்ணணும்?... மென்னு முழுங்காம சொல்லுலே."

ஜெயபாயின் கத்தி நின்றது.

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டுக் கேக்கணுமா? எதுக்கு?... நீதானே உனக்க கடைல ரெண்டு நாளு போட்டு வச்சிட்டு, ஒரு கொறையும் இல்ல மாமான்னு திருப்பித் தந்த?... செரி. செரி. பண்ணுகேன், கத்தாத... ஆஃப் பண்ணியாச்சு... யூபிஎஸ்ஸா? அதும் அணைச்சாச்சு... பேனுமா? லே, வேர்க்கும்... அணைச்சாச்சு, சொல்லு... ஹெட்போன் தலைல இல்ல, மேசைல கெடக்கு. ஜாக்கையும் உருவியாச்சு. இனி என்ன, முட்டுப்போட்டு ஜெபம் பண்ணணுமா?... கேக்கணும். இரு, கேக்கேன்."

பின்வராந்தாவில் மெஷினும் சுற்றி ஓய்ந்திருந்தது. வீடு அடங்கிப்போயிற்று. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் சட்டியில் விழுவது ஜெயபாய்க்குக் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"இருக்குலே! இப்பவும் இருக்கு! ஈ...ன்னு அப்படியே நிக்குது. நான் சொன்னேனா இல்லியா? ஆறு மாசமாட்டு தொண்டை கிழியச் சொன்னேனா இல்லியா?... கம்ப்யூட்டர் ஆஃப்புதான்லே, பொறவு என்ன, அதுக்கு உசிரா இருக்கு? அப்பம் இது வயரிங்காக்கும். சொவத்துக்குள்ள எங்கயோ கெடந்து... நீ சும்ம கெட, எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருசம் பாத்தது இதத்தான்..."

வாஷிங் மெஷின் கூவத் தொடங்கியது அப்போதுதான். அவர் ஜன்னலுக்கு நேர் வெளியே, விட்டு விட்டு, கீச்சுக் குரலில் கூவியது.

"...என்னது? என்ன கூவுது?... இங்கயா? இங்க ஒரு அனக்கமும் இல்ல மக்கா, நான் சொன்ன இரைச்சல் மட்டும்தான்... உனக்குக் கேக்குதா? வடசேரியில இருக்க உனக்கு எனக்க வீட்டுல கூவது கேக்குதா? லேய், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடைய வச்சிட்டு... எவனாம் வண்டிய ரிவர்ஸ் எடுப்பான்... இல்லியா?... போனுக்குள்ளயா?... எனக்க போன் வழியாட்டா வருது?... ம்... இப்பவும் கூவுதா?... இப்பமும்?"

போனைக் காதில் வைத்தபடியே அடுக்களை வாசலில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டிய வரி ஜெயபாயின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இப்படியொரு முகத்தை அவரிடம் அவள் பார்த்ததே இல்லை. செதில் ஒட்டிய கையோடு, மோவாயால் பின்பக்கம் காட்டினாள்.

வராந்தாவில் மெஷினின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. நேசையன் குனிந்து அதைப் பார்த்தார். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மூடியைத் திறந்தார்.

"இப்பம்?... நின்னுட்டுதா?... ம்."

மூடியை மறுபடி மூடினார். விளக்கு எரிந்தது.

"இப்பம்?... கூவுது... செரி."

லைன்மேன்கள் கோளாறு தேடுகிற முறை அது. ஒருவன் இந்த முனையில் தொட்டுத் தொட்டு எடுப்பான், இன்னொருவன் அந்த முனையில் இருந்து கேட்கிறது, கேட்கவில்லை என்பான். எத்தனையோ ஆயிரம் கோளாறுகளை அவர் அப்படித்தான் பிடித்திருக்கிறார். இதையும் பிடித்துவிட்டார் என்று ஜெயபாய்க்குத் தெரிந்தது. அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அவர் அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அனிஷே... மக்கா... லைன்ல இருக்கியா?... கம்ப்யூட்டர் இப்பம் எடுக்காண்டாம்... இல்ல, அந்த அல்வா டப்பாவும் வேண்டாம். இருக்கதே போதும். அதுக்கு ஒண்ணும் இல்ல... ம்... ம்... தெரியும்லே, எனக்குத் தெரியும்... ஆஸ்பத்திரிக் காரியம் பொறவு பேசலாம். இப்பம் நான் கேக்கது வேற. அந்தப் பிரைட்டனுக்க நம்பர் உனக்கிட்ட உண்டா?... ஆமா, அவனேதான், அந்த மாவு பூசுதவன்... பன்னெண்டு பாட்டையும் அவனுக்கு அனுப்பணும். ஞாயித்துக்கெழமைக்கு இனி நாலு நாளுதான இருக்கு... எழுதுகேன், சொல்லு... ஒம்பது... நாலு... ஒறக்க சொல்லுலே... ஆங்... ஆங்... எக்கோ மட்டும் போடாண்டாம்னு அவனுக்கிட்ட நீ சொல்லு. நான் சொன்னதாட்டு சொல்லாண்டாம்... பொறவு, மக்கா... மாமிக்கிட்ட ஒண்ணும் சொல்லாத, கேட்டியா? அவளுக்குத் தெரியாண்டாம்... செரி... செரி... வைக்கேன்."

ரகசியம் பேசுவதாக நினைத்துத்தான் பேசினார். அது கிணற்றடிவரை கேட்டது. போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து அவர் எட்டிப் பார்த்தபோது, ஜெயபாய் காது கேளாதவள்போல் தலையைக் குனிந்து சாளை கழுவிக்கொண்டிருந்தாள்.